தம்புரா எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டில் பாட்டுக் கேட்பதைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாட்டு தட்டையாக இல்லாமல் முன்னும் பின்னுமாக ஆழத்தோடு கேட்க வேண்டுமானால் வாட்ஸ் கூடிய, விலையும் கூடிய ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள் என்று அதில் இருந்தது. நான் திண்டுக்கல்லில் 1987இலிருந்து ஆம்ப்ளிஃபயர் கட்டியும் ரிப்பேர் பார்த்தும் பிழைப்பவன். கட்டுரையாளர் சொன்ன இதே சங்கதியை நானும் இருபது வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் எழுதுகிறேன்.

ஆழம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாடகர். அவருடைய வலது கைப் பக்கம் மிருதங்கம், இடது கைப் பக்கம் வயலின். மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தால் பக்கம் மாறும். இதெல்லாம் இடம், வலம் சமாச்சாரம். ஆனால் தம்புரா இருப்பது பாடகருக்குப் பின்னால். கடம், கஞ்சிரா இருந்தால் அவையும் கொஞ்சம் பின்தள்ளியே. ஒன்றிரண்டு மைக்கை மட்டும் வைத்து எடுத்த நல்ல பதிவைக் கண்ணை மூடிக் கேட்டால், தம்புரா பாடகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். எங்கள் கடையில் இதை 'மேடை விழுகிறது' என்போம். ஒவ்வொருவர் முன்னாலும் தனித்தனி மைக் வைத்து, அப்புறம் மிக்ஸரில் இடமும் வலமும் தள்ளிச் செய்த பதிவில் இது கிடைக்காது. கிடைத்தாலும் எஞ்சினியர் எக்கோவைத் தடவிச் செய்த ஒப்பனையாகத்தான் இருக்கும்.

இரண்டு ஸ்பீக்கரை வைத்து மேடை கட்டலாம் என்று 1931இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆலன் ப்ளூம்லைன், இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். சினிமாவுக்குப் போன இடத்தில் நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் இருக்க, குரல் வேறு எங்கிருந்தோ வந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிடித்தது என்பார்கள். அவர் குறுக்காக வைத்த இரண்டு மைக்குகள் முன்னால் பாடுபவரோடு, பின்பக்கம் அரங்கத்திலிருந்து திரும்பி வரும் சத்தத்தையும் சேர்த்தே வாங்கின. ஆழம் இருப்பது அந்தத் திரும்பி வரும் சத்தத்தில்தான்.

சரி, தமிழாசிரியர் கதைக்கு வருகிறேன். பணி ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருடப் பழக்கம். என்னைத் தம்பி என்பார், நான் ஐயா என்பேன். போன வருடம் தன் ஆம்ப்ளிஃபயரைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை வந்தார். "தம்பி, பாட்டெல்லாம் செவுத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு" என்பதுதான் புகார். முதல் தடவை பவர் சப்ளை கண்டன்சர்களை மாற்றிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியை மாற்றினேன். மேசை மேல் வந்த பெட்டியைப் பார்த்தேனே தவிர, ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன திங்கட்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஆம்ப்ளிஃபயர் இல்லை. உங்கள் கட்டுரையைக் கத்தரித்து நாலாக மடித்து வைத்திருந்தார். பெரிய ஊர்க் கடை ஒன்றில் விசாரித்தாராம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்களாம். "வாங்கிரட்டுமா?" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன்.

பத்துக்குப் பத்து அறை. மேல் தளமும் பத்தடி உயரம். கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட். ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள்ளே, பேரனின் கோப்பைகளுக்கு நடுவில். இன்னொன்று பீரோ மேல், ஏறக்குறைய ஆறடி உயரத்தில். கையைத் தட்டினேன். ஒரு தட்டுக்கு 'டிர்ர்ர்' என்று வால் நீண்டது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்து மாதிரி எகிறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிற எல்லோரும் காலி அறையில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

தூரத்தைக் காது எப்படிக் கணிக்கிறது என்பதற்குக் கோயிலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரகாரத்தின் கடைசியில் நின்று ஓதுவார் பாடுவதைக் கேளுங்கள். நேராக வரும் குரல் கொஞ்சம், கல் தூணிலும் கூரையிலும் மோதி வருவது நிறைய. சன்னிதியை நெருங்க நெருங்க நேர்க்குரல் ஏறும். மோதி வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் ஆள் கிட்டத்தில் இருக்கிறாரா எட்டத்தில் இருக்கிறாரா என்று காது சொல்கிறது. நல்ல பதிவிலும் அந்த விகிதம் பதிந்திருக்கிறது: பாடகருக்கு நேர்க்குரல் தூக்கல், தம்புராவுக்குக் கம்மி. ஆனால் அது ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்ததும் நம் அறை என்ன செய்கிறது? பாடகர், தம்புரா என்று பார்க்காமல் எல்லோர் மேலும் தன் எதிரொலியை ஒரே மாதிரி பூசிவிடுகிறது. பதிவில் இருக்கிற, கச்சேரி நடந்த சபாவின் எதிரொலி அடியில் அமுங்கிப் போகிறது. அப்புறம் பாடகரும் தம்புராவும் சுவரில் ஒட்டிய போஸ்டரில் இருப்பதுபோல ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஐயா சொன்ன புகார் வார்த்தைக்கு வார்த்தை சரி. நான்தான் அதைப் பெட்டிக்குள் தேடினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்தப் பாடத்தை நான் 2009இலேயே படித்துவிட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு வெளியூர் உறவுகள் படுக்க வாடகைக் கடையிலிருந்து பதினாலு இலவம்பஞ்சு மெத்தை எடுத்திருந்தோம். கல்யாணம் முடிந்த அன்று எல்லாவற்றையும் நான் செட் சோதிக்கிற அறையில் இரண்டு பக்கச் சுவரோரமும் அடுக்கி வைத்திருந்தார்கள். தூக்கம் வரவில்லை. ஒரு வாடிக்கையாளருக்காக அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பார்த்தேன். 2என்3055 டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய சாதாரண செட்தான். பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அதற்கு அப்பால் நாலைந்து அடி தூரத்தில் யாரோ மிருதங்கம் வாசிக்கிறார்கள். வாழ்க்கையிலேயே நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கட்டிவிட்டேன் என்று காலையில் அந்த வாடிக்கையாளருக்கு போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். மறுநாள் வாடகைக் கடைக்காரர் வண்டியோடு வந்து மெத்தைகளை ஏற்றிக்கொண்டு போனார். அன்று ராத்திரி அதே செட், அதே பாட்டு: பழையபடி தட்டை. ஏதோ பார்ட்ஸ் போய்விட்டது என்று பெட்டியைத் திறந்து இரண்டு நாள் மீட்டர் வைத்துத் தேடினேன். மூன்றாவது நாள் சாப்பிடும்போதுதான் மெத்தை ஞாபகம் வந்தது.

இதே மெத்தை வேலையை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்துவிட்டார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சத்தம் அடங்க ஐந்தரை நொடி ஆனது. 1895இல் இதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். விடியும் முன் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்துதான் அரங்க ஒலியியல் என்ற துறையே வந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் ஆலோசனையில் கட்டியது. சத்தத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கு அவர் வைத்த அளவு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வராது அல்லவா, அதனால் அதுதான் முழு மதிப்பெண். நம் ஊர் வீடுகளுக்கு இது வரப்பிரசாதம், தெருவில் பஸ் ஹாரன் அடிக்காத நேரம் பார்த்தால்.

ஐயா வீட்டில் முதலில் வயரைப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் அடையாளமில்லாத வெள்ளை வயர். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளில் தொட்டுப் பார்த்தேன். செல்லின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போனால் கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு, வெளியே தள்ள வேண்டும். இடது ஸ்பீக்கர் தள்ளியது, வலது உள்ளே இழுத்தது. வலது பக்கம் வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. எத்தனை வருடமாகவோ! இப்படி இருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய பாடகர் அறை முழுக்கக் கரைந்து போவார், பேஸ் என்கிற கீழ்ஸ்தாயிச் சத்தமும் இளைத்துவிடும். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்து ஆம்ப்ளிஃபயர் வந்திருந்தாலும் அதே வயரைத்தான் அதே மாதிரி மாட்டியிருப்பார்கள்.

அப்புறம் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கினோம். ஒரே உயரமான இரண்டு ஸ்டூல், காது உயரத்துக்கு வரும்படி. பின் சுவரிலிருந்து மூன்றடி முன்னால். இரண்டுக்கும் நடுவே ஆறடி. சத்தம் ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் ஓடும். ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்புவது ஒன்றிரண்டு மில்லி நொடிக்குள்ளேயே நேர்ச்சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். மூன்றடி தள்ளினால் போய்வர ஆறடி, ஐந்து மில்லி நொடிக்கு மேல் பிந்தி வரும், வலுவும் குறையும். முப்பது மில்லி நொடி வரை பிந்துவதைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் காட்டாது. முதலில் வந்ததோடு சேர்த்துவிடும். இதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் அளந்து காட்டினார். பிரித்துக் காட்டாது என்பதற்காகப் பாதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. குரலின் நிறமும் அது நிற்கும் இடமும் மாறுவது அந்த நேரத்துக்குள் வருகிற சத்தத்தால்தான்.

பக்கச் சுவருக்கு ஐயாவின் சவரக் கண்ணாடி போதுமானதாக இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். எந்த இடத்தில் அவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் பட்டுத்தான் முதல் எதிரொலி வருகிறது. இரண்டு பக்கமும் அந்த இடங்களில் வீட்டு மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். நாற்காலி எதிர்ச் சுவரை ஒட்டியிருந்ததால் தலைக்குப் பின்னால் ஒன்று. மெல்லிய திரைச்சீலை போதாது, அது மேல்ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தின்னும். முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. தெர்மாகோலும் அப்படித்தான். காற்று உள்ளே நுழைந்து அலைகிற பஞ்சுதான் சத்தத்தைத் தின்னும், அதுவும் மூன்று நாலு அங்குலக் கனமாவது வேண்டும்.

ஒரு சங்கதி மெத்தைக்கும் அடங்கவில்லை. பத்துக்குப் பத்துக்குப் பத்து என்பது அறைகளிலேயே மோசமான அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் ஒரே ஸ்வரத்தில் ரீங்காரம் கூடும். கணக்குப் போட்டால் சுமார் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பி 55, ஏறக்குறைய அதே இடம். சினிமாப் பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை 'ம்ம்ம்' என்று முனகும், அந்த முனகலுக்கு அடியில் நுணுக்கமெல்லாம் போய்விடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து விலக்கியதிலும், சமையலறைக் கதவைத் திறந்துவைத்ததிலும் பாதி குறைந்தது. மீதியோடு வாழ வேண்டியதுதான். வீடு கட்டுகிறவர்களுக்கு இடம் இருந்தால் ஒரு பக்கத்தைப் பன்னிரண்டரை அடி ஆக்கச் சொல்வேன். கொத்தனார் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

ஆம்ப்ளிஃபயருக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. என் பிழைப்பாயிற்றே, முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதன் வேலை கெடுக்காமல் இருப்பது. கெடுக்கிற வழிகளும் எனக்கு அத்துப்படி. வால்யூம் கண்ட்ரோலுக்குள் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் கார்பன் தடம் இருக்கும். மலிவான கண்ட்ரோலில் சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார், மேடையும் சாய்ந்துவிடும். எர்த் சரியில்லாமல் 'ஹம்' என்கிற கரண்ட் இரைச்சல் அடித்தால், எதிரொலியின் வால் அந்த ஹம்முக்குள் மூழ்கிவிடும். பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர்களில் எப்போதும் ஓட வேண்டிய சிறு கரண்ட், சரியாக வைக்காத செட்டில் ஒரு டிரான்சிஸ்டர் விட்டு இன்னொன்று பிடிக்கும் இடத்தில் சின்ன வெட்டு விழும். பெரிய சத்தத்தில் அது தெரியாது. தம்புராவின் மெல்லிய ஓசையில்தான் கொரகொரவென்று ஒட்டிக்கொள்ளும். எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டர் வைத்து மில்லிவோல்ட் பார்த்துச் சரிசெய்தால் அரை மணி நேர வேலை. இவற்றில் எதற்கும் வாட்ஸோடு சம்பந்தமில்லை. வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், சத்தம் இரட்டிப்பாகக் காதுக்குப் படவே பத்து மடங்கு வேண்டும். ஐயா கேட்கிற அளவுக்கு ஓடுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் செட்டில் ஆழம் தெரிகிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வால்வ் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, அதிகம், அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குகிற இடத்திலெல்லாம் சத்தமும் கொஞ்சம் ஏறி இறங்கும். அது காதுக்குப் பிடிக்கலாம். 1985இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர் ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ பத்திரிகைக்காரர்களிடம் பந்தயம் போல ஒத்துக்கொண்டு, தன்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் செட்டை விலையுயர்ந்த வால்வ் செட் போலவே நடக்கும்படி உள்ளே மாற்றிக் கொடுத்தார். அந்தப் பத்திரிகைக்காரர்களாலேயே இரண்டையும் காதால் பிரிக்க முடியவில்லை. வித்தியாசம் மாயமில்லை, அளந்து சரிசெய்யக்கூடியது என்பதே அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஐயா வீட்டில் கடைசித் தடை சீலிங் ஃபேன். நிறுத்தினால் வேர்க்கிறது, ஓடவிட்டால் தம்புரா காணாமல் போகிறது. இரண்டாம் நம்பரில் வைத்துச் சமாதானம் ஆனோம். பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டார். ஆலாபனை தொடங்கி ஒரு நிமிடம் ஐயா அசையவே இல்லை. பிறகு கையை நீட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவே, சுவருக்கும் பின்னால் என்பது போலக் காட்டினார். "இது இந்த சிடியில முன்னாடியே இருந்துச்சா தம்பி?" என்றார். இருந்தது ஐயா என்றேன். ஆம்ப்ளிஃபயர் அதே பழைய ஆம்ப்ளிஃபயர்தான்.

அடுத்த இணைப்பில் நாலு வரி இடம் இருந்தால், பெட்டியை மாற்றும் முன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்க்கச் சொல்லிப் போடுங்கள். ஐயா வீட்டில் ஒரே பிரச்சினை, வீடு கூட்ட வழியில்லை என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். அதனால் ஸ்டூல் கால் படும் எட்டு இடத்திலும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு இழுத்து வட்டத்தில் வைப்பார், கேட்டு முடித்ததும் சுவரோரம் தள்ளிவிடுவார். வீடு துடைக்கிற அன்று மறுபடியும் வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்,
திண்டுக்கல்.